இரண்டாம் சாக்கு

ஜெய்ப்பூர்
6 டிசம்பர் 1997

அன்புள்ள அண்ணிக்கு,

ஊர்மிளா எழுதுவது. நலம். நலமா என்று கேட்டு அரைப்பக்கத்தை வீணாக்கப் போவதில்லை, செய்தி அவ்வளவு பெரியது. போன வருஷம் அண்ணன் அனுப்பிய அஸ்கந்த் வேர், எங்கள் புத்தகத்து அஸ்வகந்தா, ஜெயித்துவிட்டது!

எங்கள் ஆய்வுக்கூடத்தின் பின்பக்கம் இருபது படிகள் இருக்கின்றன. முழங்கால் வலிக்காரர்கள் நாற்பது பேரை அதில் ஏறச் சொல்லி, கையில் நிறுத்து கடிகாரத்தோடு நான் மேலே நிற்பேன். பாதிப் பேருக்கு வேர்ப்பொடி அடைத்த மாத்திரைக் கூடு, பாதிப் பேருக்கு வெறும் மாவு அடைத்தது. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் எங்கள் மேற்பார்வைக் குழுவின் தலைவர் சிங்வி ஐயாவின் அலமாரியில் உறையில் கிடந்தது. நாலு மாதம் கழித்து உறையைப் பிரித்தோம். மாவு சாப்பிட்டவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வேர் சாப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் படியில் பத்துப் பதினைந்து நொடி குறைத்திருந்தார்கள். மூன்று பேருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒருவருக்கு வயிறு கெட்டது. அதையும் எழுதித்தான் வைத்திருக்கிறேன். பன்னாலால் என்று ஒரு பழைய பஸ் கண்டக்டர், முதலில் கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறியவர், கடைசி நாளில் மேலே வந்து நின்று, "டாக்டரம்மா, பஸ் கூரை மேல ஏறிக்கூட டிக்கெட் கிழிப்பேன் இப்ப!" என்றார்.

நாற்பது பேரை வைத்துப் பேசினால் உலகம் நம்பாது. அடுத்து அறுபது பேர். அதற்கு ஒரு சாக்கு வேர் வேண்டும். போன தடவை அலுவலகத் தாளில் முத்திரை குத்திக் கேட்டேன். இந்தத் தடவை நானே கேட்கிறேன். இது என் சொந்த வேலை அண்ணி, ஆறு வருஷ உழைப்பு. வீட்டுக்கு அனுப்புவதுபோலப் பார்த்து அனுப்புங்கள்.

வழக்கம்போல அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள். ஜெயித்தது அவர் வயல் என்பதை இரண்டு தடவை படியுங்கள்.

ஊர்மிளா


பாவட்கேடா, மனாசா தாலுகா
2 பிப்ரவரி 1998

நாத்தனாருக்கு,

ராம்கன்யா எழுதுவது. வயதில் நீ நாலு வருஷம் மூத்தவள், முறையில் நான் பெரியவள். அதனால் இந்தத் தடவையும் 'நீ' என்றுதான் எழுதுவேன், டாக்டர் பட்டத்தை உன் ஆபீஸ் வாசலில் வைத்துக்கொள்.

சாக்கு இன்று நீமச் போகிறது, அங்கிருந்து ரயில். நாளை மறுநாள் வந்துவிடும். உன் அண்ணன் நேரே வயலுக்குப் போய், மேற்கு ஓரத்து மணல் பூமியில் விளைந்ததை மட்டும் தோண்டினார். "அவளுக்குப் பாதிக் குச்சி, பாதி வேரா போகக் கூடாது"ன்னு அவரே உட்கார்ந்து தண்டு ஒட்டிய தலையை நறுக்கினார். மண்டி வியாபாரி ரதன் சேட் வந்து ஒரு வேரை ஒடித்துப் பார்த்தார். படக்கென்று ஒடிந்தது. உள்ளே மாவு போல வெள்ளை. "எனக்குக் குடுத்துடு மாங்கிலால், இந்த வருஷம் விலை எங்க இருக்குன்னு தெரியுமில்ல?" என்றார். உன் அண்ணன், "இது என் தங்கச்சி சாக்கு. கண்ணால பாத்துக்கோ, கையை எடு" என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் எங்கள் பங்கு. உன் கடிதத்தை நான் பக்கத்து வீட்டுக் காசிபாய்க்குப் படித்தேன், காசிபாய் தெருவுக்கே சொல்லிவிட்டாள். "நம்ம வீட்டுப் பொண்ணு கேட்டிருக்கா. மண்டிக்குப் போறதாட்டம் அள்ளிப் போட்டு அனுப்பினா நாளைக்கு அவ மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றாள். ஏழு பேர் ஒன்பது நாள் வேலை செய்திருக்கிறோம். எங்கள் உரிமத்து வயலில் அபின் காயைக் கீறும் வேலை தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஓடினோம். ஒரு பக்கம் கிளிகள் காயைக் கொத்துகின்றன, ஒரு பக்கம் உன் வேர். கை எல்லாம் எரிச்சல். போகட்டும். சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுது. பிரித்த உடனே உனக்கே தெரியும்.

உன் மகனுக்கு மக்காச்சோள மாவும் இரண்டு பொட்டலம் சேவும் சாக்கின் வாயில் கட்டியிருக்கிறேன். அதை ஆராய்ச்சியில் சேர்த்துவிடாதே.

உன் அண்ணன் எழுதச் சொன்னது: பனி குறைவு, கோதுமை நன்றாக நிற்கிறது, மாடு சுகம்.

ராம்கன்யா


ஜெய்ப்பூர்
9 ஜூன் 1998

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இனி சுற்றி வளைக்கப் போவதில்லை.

இரண்டாவது ஆய்வு தோற்றுவிட்டது. அறுபது பேர், மூன்றரை மாதம். சிங்வி ஐயா உறையைப் பிரித்தார். வேர் சாப்பிட்டவர்களுக்கும் மாவு சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. என் கணக்கு தப்பாக இருக்கும் என்று நாலு தடவை போட்டுப் பார்த்தேன். கணக்கு தப்பில்லை. ஜூலை 17 அன்று குழு கூடுகிறது. அதற்குள் சரியான காரணம் சொல்லாவிட்டால் ஆய்வை மூடிவிடுவார்கள். முதல் நாற்பது பேரின் பலனும் தற்செயல் என்று குப்பைக்குப் போகும். அஸ்கந்தில் ஒன்றுமில்லை என்று ஒரு வரி எழுதி, என் பெயருக்கு நேரே ஒட்டிவிடுவார்கள்.

என் மருந்து நல்ல மருந்து என்று எனக்குத் தெரியும். கண்டக்டர் படி ஏறியதை என் கண்ணால் பார்த்தேன். அப்படியென்றால் தப்பு சாக்கில் இருக்கிறது. போன வருஷம் பொடி வந்தபோது ஆய்வுக்கூடமே குதிரை லாயமாக நாறியது. என் உதவியாளர் மேவாராம்ஜி ஓய்வு பெறப் போகிற மனிதர், "இந்த வாசனைக்குத்தான் எனக்குத் தனியா பென்சன் குடுக்கணும்" என்று மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார். இந்த வருஷம் அவர் துண்டைத் தேடவே இல்லை. பொடியில் வாசனை பேருக்குத்தான் இருந்தது. அப்போதே நான் விழித்திருக்க வேண்டும்.

கேட்கக் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். இந்த வருஷம் மண்டியில் விலை ஏறியிருந்தது என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். ரதன் சேட் வந்து கேட்டதையும் எழுதியிருந்தீர்கள். அண்ணன் நல்ல வேரை அவருக்குக் கொடுத்துவிட்டு, வேறு எதையோ எனக்குக் கட்டிவிட்டாரா? தங்கைதானே, என்ன தெரியப் போகிறது என்று நினைத்தாரா? அது திருட்டு அண்ணி, அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. என் ஆறு வருஷத்தைத் திருடியது.

இந்தக் கடிதத்தையும் அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள். ஒரு வரி விடாமல். அவர் பதில் எனக்கு வேண்டும்.

ஊர்மிளா


பாவட்கேடா
20 ஜூன் 1998

டாக்டர் ஊர்மிளா தாகட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

உங்கள் அண்ணனின் பதிலைக் கேட்டிருக்கிறீர்கள். அது வராது. என் பதில் வருகிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் உங்களுக்குச் சாக்கு அனுப்பினோம், சாக்குப்போக்கு அனுப்பவில்லை. அந்தச் சாக்கில் இருந்த ஒவ்வொரு வேரும் மேற்கு ஓரத்து வேர். ரதன் சேட் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். நீங்கள் அங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கணக்கை நாலு தடவை போட்டீர்களாம். இங்கே ஏழு பொம்பளைகள் ஒன்பது நாள் வெயிலில் உட்கார்ந்து, விரல் தடிமன்கூட இல்லாத வேரை ஒவ்வொன்றாக எடுத்து, அரிவாள் முனையால் சீவி, பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளால் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசி, பழைய வேட்டியில் உலர்த்தினோம். எங்களில் தாபுபாய் பெருவிரல் அரிவாளில் வெட்டுப்பட்டு, அபின் கீறும் வேலைக்கே போக முடியாமல் வீட்டில் இருந்தாள். மண்டிக்கு என்றால் இதெல்லாம் யார் செய்வார்கள்? தடியால் இரண்டு தட்டு, மண் போனால் சரி, சாக்கு. போன வருஷம் அலுவலகத் தாளைப் பார்த்துவிட்டு உங்கள் அண்ணன் அப்படித்தான் அனுப்பினார். இந்த வருஷம் நீங்கள் வீட்டுக்கு அனுப்புவதுபோல என்று எழுதினீர்கள். வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு லட்டு பிடிக்க வேரை எப்படிச் செய்வோம் என்று மறந்துவிட்டதா? உங்கள் மகன் பிறந்தபோது நாற்பது நாள் தின்றீர்களே, அந்த லட்டு வெள்ளையாக இருந்ததா, மண் நிறத்தில் இருந்ததா? தோலோடு போட்டால் கசந்து தொலைக்கும், பச்சை உடம்புக்காரி துப்பிவிடுவாள் என்றுதானே சீவுகிறோம்!

தந்தம் மாதிரி வெள்ளையாக ஒரு சாக்கு வேர். அதைப் பார்த்த உங்களுக்குத் திருட்டு என்ற வார்த்தை வருகிறது. நன்றாகப் படித்திருக்கிறீர்கள்.

இதற்கு மேல் எழுதினால் நான் வருத்தப்படும்படி ஏதாவது எழுதிவிடுவேன்.

ராம்கன்யா


ஜெய்ப்பூர்
25 ஜூன் 1998

அண்ணி,

கோபம் அப்படியே இருக்கட்டும், எனக்கு அது வேண்டியதுதான். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் உடனே பதில் போடுங்கள்.

சீவிய தோலை என்ன செய்தீர்கள்? எங்கேயாவது கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா? ஒரு கைப்பிடி இருந்தால் போதும். தபாலில் போடாதீர்கள். நீமச்சிலிருந்து ஜெய்ப்பூர் பஸ் டிரைவரிடம் கொடுத்து விடுங்கள், நான் நிலையத்தில் போய் நிற்கிறேன்.

அந்த வேரை நான் பார்க்கவே இல்லை அண்ணி. சாக்கு நேரே கிடங்குக்குப் போனது, அரைத்த பிறகு பொடியாகத்தான் என் மேஜைக்கு வந்தது.

அண்ணன் ஏதாவது சொன்னாரா?

ஊர்மிளா


பாவட்கேடா
1 ஜூலை 1998

டாக்டர் ஊர்மிளா அவர்களுக்கு,

தோல் ஒரு கோணி இருந்தது. எதையும் வீசுகிற வீடு இல்லை இது. காசிபாய் பாதியை எடுத்துப்போய், காலில் பிடிப்பு வந்து நொண்டிக்கொண்டிருந்த அவள் எருமைக்குத் தவிட்டில் கலந்து போட்டாள். மீதி எங்கள் தொழுவத்தில் தொங்குகிறது. இரண்டு கைப்பிடி, துணியில் முடிந்து டிரைவர் கைலாஷிடம் கொடுத்திருக்கிறேன். வாசனையில் அவர் வண்டியைக் கவிழ்க்காமல் வந்தால் சரி.

எதற்குக் கேட்கிறீர்கள் என்று எனக்கும் புரிகிறது. நானும் முட்டாள் இல்லை. அந்த எருமை போன மாதம் முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, மூன்று வயலை மிதித்துவிட்டு வந்தது. காசிபாய் மூன்று பேரிடமும் திட்டு வாங்கினாள்.

நீங்கள் கடைசியில் கேட்டதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

ராம்கன்யா


ஜெய்ப்பூர்
20 ஜூலை 1998

அன்புள்ள அண்ணிக்கு,

கைலாஷ் துணி முடிச்சைக் கை நீட்டிக் கொடுத்தார், உடம்பைத் தள்ளியே வைத்துக்கொண்டார். "தங்கச்சி, உள்ள குதிரையையே வெச்சு அனுப்பிச்சிருக்காங்களா?" என்றார். முடிச்சை ஆய்வுக்கூடத்தில் அவிழ்த்ததும் மேவாராம்ஜி எழுந்துபோய்த் துண்டை எடுத்து வந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் மூக்கைக் குழுவின் முன்னால் சாட்சியாக நிறுத்த முடியாது. எருமையையும் முடியாது அண்ணி. ஒரே ஒரு எருமை, அதற்கு மாவு கொடுத்து ஒப்பிடவும் இல்லை.

அதனால் இரண்டு வருஷத்து வேர், தோல் என மூன்றையும் கரைத்துக் கருவியில் ஓட்டினேன். நாம் தேடுகிற சத்து இருந்தால் காகிதத்தில் கோடு மலையாக எழும், இல்லாவிட்டால் தரையிலேயே ஓடும். போன வருஷத்து வேருக்கு நல்ல மலை. இந்த வருஷத்து வெள்ளை வேருக்கு ஒரு சின்ன மேடு. உங்கள் தொழுவத்துத் தோலுக்குக் கோடு காகிதத்தின் மேல் விளிம்பில் போய் முட்டியது. அளவைக் குறைத்து மறுபடியும் ஓட்ட வேண்டியதாயிற்று. ஆறு தடவை ஓட்டினேன், ஆறு தடவையும் அதே.

பதினேழாம் தேதி மூன்று காகிதத்தையும் மேஜை மேல் விரித்தேன். சிங்வி ஐயா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "சரிம்மா. தோலை எதுக்குச் சீவினாங்க?" என்றார். "நான்தான் சீவச் சொன்னேன் ஐயா" என்றேன். "எங்க எழுதிருக்கு?" என்றார். எதிலும் எழுதவில்லை, வீட்டுக்கு அனுப்புவதுபோல என்றுதான் எழுதினேன், தோலோடு வேண்டும் என்று எழுதவில்லை, அதுதான் தப்பு என்றேன். அப்புறம் அவர், யாரும் கேட்டுவிடக் கூடாது என்று நான் பயந்த கேள்வியைக் கேட்டார். "பொடியைக் கூட்டுல அடைக்கறதுக்கு முன்னாடி இதே கருவில ஓட்டிருக்கணுமே, ஏன் ஓட்டல?"

அதற்குப் பொய் சொல்ல நிறைய வழி இருந்தது. பிப்ரவரியில் கருவி பழுது என்று சொல்லியிருக்கலாம், பத்து நாள் பழுதாகவும்தான் இருந்தது. நான் உண்மையைச் சொன்னேன். "எங்க அண்ணன் வயல் வேர், அதுக்கு எதுக்கு சோதனைன்னு விட்டுட்டேன்." அறையில் ஒருவர் சிரித்தார். சோதிக்க வேண்டிய நேரத்தில் அண்ணனை நம்பினேன், நம்ப வேண்டிய நேரத்தில் அவரைச் சந்தேகப்பட்டேன். இரண்டும் நானே செய்தது.

ஆய்வை மூடவில்லை! இந்த அறுபது பேரின் கணக்கைத் தள்ளிவிட்டு, அடுத்த அறுவடையில் தோலோடு வேர் வாங்கி, புதிதாக அறுபது பேரை வைத்துச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். சீவிய வேரையும் சீவாத வேரையும் ஒப்பிட்டுத் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம் என்று சிங்வி ஐயாவே சொன்னார். என்னைக் கண்டித்து ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறார்கள், அதைக் கோப்பில் முதல் தாளாக வைத்திருக்கிறேன். மருந்து நல்ல மருந்து அண்ணி. அடுத்த வருஷம் இதை யாரும் மறுக்க முடியாதபடி காட்டுவேன், நீங்கள் பார்த்துக்கொண்டே இருங்கள்.

மூன்றரை மாதம் சும்மா மாத்திரை விழுங்கியவர்களைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒரு அம்மா மட்டும் எழுந்து போய்விட்டார். மற்றவர்கள், நல்லது வந்ததும் முதலில் எங்களைக் கூப்பிடு என்றார்கள்.

இப்போது உங்களிடம். கட்டுரையில் ஏழு பேரின் பெயரும் வரும், அதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. தாபுபாயின் விரல் ஆறிவிட்டதா? உங்களிடம் மன்னிப்பு கேட்க எனக்குத் தயக்கம் இல்லை. கேட்கிறேன். நான் எழுதியது அசிங்கம்.

அண்ணனிடம் கேட்கத்தான் தைரியம் வரவில்லை. மற்ற எல்லா இடத்திலும் வாய் நீளும் எனக்கு. ஒன்றரை மாதமாக அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. வழக்கமாக உங்கள் கடிதத்தின் அடியில் அவருக்காக ஒரு வரி இருக்கும், மழை, பயிர், மாடு என்று. அடுத்த மாதம் எட்டாம் தேதி ராக்கி. முப்பத்தொரு வருஷமாக நான் அனுப்பாமல் இருந்ததில்லை. இந்த வருஷம் வாங்கி வைத்துவிட்டு, உறையில் போடக் கை வரவில்லை. திருடன் என்று எழுதிய கையால் கட்டுகிற நூலை அவர் கட்டிக்கொள்வாரா? திருப்பி அனுப்பிவிட்டால் நான் என்ன செய்வேன்? நீங்கள் சொன்னால் அனுப்புகிறேன், வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன்.

ஊர்மிளா


பாவட்கேடா
27 ஜூலை 1998

நாத்தனாருக்கு,

காசிபாய் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து உன் கடிதத்தில் வேர்க் கதையை மட்டும் படித்தேன். காசிபாய் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒன்பது நாள் முதுகு ஒடிய மருந்தைச் சீவி எருமைக்குப் போட்டுட்டு, சக்கையக் கழுவித் துடைச்சு டாக்டருக்கு அனுப்பிருக்கோமா!" என்றாள். தாபுபாய், "அப்ப ஆராய்ச்சில பாஸானது உன் எருமைதான்" என்றாள். அரை மணி நேரம் எல்லோரும் சிரித்து ஓய்ந்தோம். அவள் விரல் ஆறிவிட்டது, நகம்தான் கோணலாக முளைக்கிறது.

கட்டுரையில் என் பெயரை ராம்கன்யாபாய் தாகட் என்று போடு. மாங்கிலால் மனைவி என்று போட்டால் அடுத்த வருஷம் சாக்கு வராது.

மழை நன்றாகப் பெய்திருக்கிறது. அடுத்த மாதம் மேற்கு ஓரத்தில் விதைக்கிறோம். பிப்ரவரியில் தோலோடு, மண்ணைத் தட்டி, கண்டவருக்கும் அனுப்புவதுபோல அனுப்புகிறோம். அப்படி அனுப்பக் கை வராது என்று இரண்டு பேர் முரண்டு பிடிக்கிறார்கள், நான் பேசிச் சரிக்கட்டுகிறேன். நீ மறக்காமல் கருவியில் ஓட்டு. யார் வயலாக இருந்தாலும் ஓட்டு.

அண்ணன் பேச்சு. ஜூன் மாதக் கடிதம் வந்தபோது அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் உறையைப் பிரித்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். "என்ன எழுதிருக்கா? படி" என்றார். "வேர் வந்து சேந்துச்சாம். நல்லா இருந்துச்சாம். மழை வந்துச்சான்னு கேக்கறா" என்றேன். "ரெண்டு பக்கம் இருக்கே, அவ்வளவுதானா?" என்றார். "மிச்சம் பூரா ஜெய்ப்பூர் வெயிலு. எழுதறதுக்கு வேற வேலை இல்ல உங்க தங்கச்சிக்கு" என்றேன். சிரித்துவிட்டு வயலுக்குப் போனார். அன்றைக்கே அந்தத் தாளை அடுப்பில் வைத்துவிட்டேன். உன் மேல் இருந்த கோபத்தில் அவருக்காக ஒரு வரி எழுத எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் எழுதவில்லை. அவர் சொல்லாமல் இல்லை, ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

நீ கேட்டது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவருக்குத் தெரிய வேண்டாம். எனக்கு மறக்கக் கொஞ்ச நாளாகும், அது என் பாடு.

தங்கச்சி ராக்கி வந்துச்சா என்று நேற்றிலிருந்து தபால்காரரை வழிமறித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்றைக்கே தபாலில் போடு.

ராம்கன்யா